மேற்கே ஒரு மாற்று வழி

1. லெட்டர் பேடு தீர்ந்த நாள்

எம்எல்ஏவாகப் பதவியேற்றுச் சென்னையிலிருந்து திரும்பி, ஓசூர் அலுவலகத்தில் உட்கார்ந்த முதல் நாளிலேயே ஒரு லெட்டர் பேடு தீர்ந்துவிட்டது. ஒருவருக்குக் கம்பெனியில் வேலை, ஒருவருக்கு டிரான்ஸ்பர், ஒருவர் பையனுக்கு ஐடிஐ சீட். எல்லோருக்கும் "ஆவன செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். இருபது வருடம் வக்கீலாக இருந்தவன் நான். கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை உண்டென்று அன்றுதான் தெரிந்தது. உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எழப்போகும்போது ஒரு அம்மாள் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் ரத்னம்மா. ஜவளகிரிக்குப் பக்கம் காட்டு ஓரத்தில் இருக்கும் சிக்கதொட்டி என்ற சின்ன ஊரிலிருந்து வந்திருந்தார். பிரச்சாரத்தில் எனக்கு ஆரத்தி எடுத்தவர் என்பது ஞாபகத்துக்கு வந்தது. ரோடு போட்டுத் தருகிறேன் என்று அந்த ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, புது லெட்டர் பேடை எடுத்தேன்.

அவர் மனு எதுவும் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய கோர்ட் பேப்பர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு சிவில் வழக்கின் பிளெயிண்ட், அதாவது வழக்குத் தொடுக்கும்போது தாக்கல் செய்யும் உரை. நாலாவது பாராவில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் வாதியின் வக்கீல் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

"சார், எங்களுக்கு மேற்கால ஒரு வழி இருக்குதுன்னு இதுல எழுதியிருக்கீங்க. அது எங்க இருக்குதுன்னு வந்து காட்டிட்டீங்கன்னா, நாங்க அதுலயே போயிக்கறோம். ரோடு வேண்டாங்க" என்றார்.

கிண்டல் எதுவும் இல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னார். எடுத்த லெட்டர் பேடை மூடி வைத்தேன்.

2. நான் வாங்கிய ஸ்டே

அந்த வழக்கு எனக்கு நன்றாகவே ஞாபகமிருந்தது. தேர்தலுக்கு ஆறு வருடம் முன்பு நஞ்சப்பா என்ற விவசாயி என்னிடம் வந்தார். தளிக்கு அப்பால் மூன்று ஏக்கரில் முட்டைக்கோஸும் பீன்ஸும் போடுகிறவர். அவர் நிலத்துக்குள் பஞ்சாயத்து ரோடு போட அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். கையகப்படுத்தும் உத்தரவு எதுவும் இல்லை. அந்த ஒன்றை வைத்தே இடைக்காலத் தடை வாங்கிவிடலாம். நானும் வாங்கினேன். பஞ்சாயத்தோ அதன் ஆட்களோ அந்த சர்வே நம்பருக்குள் எந்த ரோடும் போடக் கூடாது என்று ஆர்டர்.

தடை கேட்கும்போது ஒன்றைக் காட்ட வேண்டும். ரோடு வந்தால் வாதிக்கு ஏற்படும் கஷ்டம் பெரிது, வராவிட்டால் எதிர்த் தரப்புக்கு ஏற்படும் கஷ்டம் சிறிது. பேலன்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ் என்போம். அதற்காக வழி சம்பந்தமான பிளெயிண்ட் எல்லாவற்றிலும் நான் போடும் ஒரு வரி உண்டு. "வாதியின் நிலத்துக்கு மேற்கே பொதுமக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் மாற்று வழி உள்ளது." கிழக்கு, மேற்கு மட்டும் கேஸுக்குக் கேஸ் மாறும். என் சீனியரிடமிருந்து எனக்கு வந்த வரி, என் குமாஸ்தா சீனிவாசனுக்கு மனப்பாடம். நான் டிக்டேட் செய்யாவிட்டாலும் அவரே டைப் அடித்துவிடுவார்.

நான் அந்த இடத்துக்குப் போனதில்லை. போக வேண்டும் என்றும் தோன்றியதில்லை. எனக்கு ஊர்களெல்லாம் சர்வே நம்பராகத்தான் தெரியும். பிளெயிண்டில் ரெவின்யூ கிராமத்தின் பெயர் இருந்தது, நாலு எல்லை இருந்தது. சிக்கதொட்டி என்ற பெயரே அதில் கிடையாது.

அந்த வார்டின் மெம்பர் என்ற முறையில் மூன்றாம் பிரதிவாதியாக ஒரு பெண் இருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். எதிர்த் தரப்பு, கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, இடத்தைப் பார்த்து அறிக்கை வாங்க வேண்டும் என்று மனுப் போட்டது. அதற்குப் பதில் தாக்கல் செய்ய நேரம் கேட்டுக் கேட்டே வாய்தா வாங்கிக்கொண்டிருந்தேன். கேஸ் இழுத்தால் ஸ்டேவும் நீளும். வக்கீல் தொழிலில் அதைத் திறமை என்போம். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் எழுந்து, மூன்று பஸ் மாறி ஊருக்குப் போனார். அவர்தான் ரத்னம்மா. ஆரத்தித் தட்டோடு பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது.

பிரச்சாரத்தின்போது என் ஜீப் சிக்கதொட்டிக்குள் போகவில்லை. உள்ளே ஜீப் போகாது என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். ஊர்க்காரர்களே மெயின் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். ஏன் போகாது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், ஜெயித்தால் முதல் வேலை உங்கள் ரோடுதான் என்று முழங்கினேன். கை தட்டினார்கள்.

எல்லாம் தெரிந்தும் ஏம்மா எனக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று அன்று அலுவலகத்தில் ரத்னம்மாவிடமே கேட்டேன்.

"ஸ்டே வாங்கினது நீங்கதானுங்க. அதை எப்பிடி எடுக்கறதுன்னு உங்களுக்குத்தான தெரியும்" என்றார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். அவருக்கு இரண்டு பெண்கள். எட்டாவதுக்கு மேல் படிக்கத் தளிக்குத்தான் போக வேண்டும். "பெரியவ எட்டோட நின்னுட்டா சார். சின்னவ இப்ப எட்டாவது. அடுத்த ஜூனுக்குள்ள வழி ஆவலைன்னா, அவளும் ஊட்லதான்."

3. மூன்று குறுக்கு வழிகள்

அந்த வருடம் தொகுதி மேம்பாட்டு நிதியில் நான் போட்ட முதல் வேலை சிக்கதொட்டி ரோடுதான். அனுமதியும் வந்தது. மார்ச் முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். நடுவில் நான் வாங்கிய ஸ்டே குறுக்கே படுத்திருந்தது. அந்த வழக்கில் நஞ்சப்பாவின் வக்கீல் அப்போதும் நான்தான்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோர்ட் லீவு, ஜேசிபியை விட்டுத் தள்ளிவிட்டால் திங்கட்கிழமை யார் என்ன செய்ய முடியும் என்றார் கட்சிக்காரர் ஒருவர். வக்கீலாக இருந்துகொண்டு கோர்ட் ஆர்டரை மீறச் சொல்கிறாயா என்று சத்தம் போட்டு அனுப்பினேன். இன்னொருவர், நஞ்சப்பாவின் மோட்டார் கரண்ட் சர்வீஸில் கை வைத்தால் தானாக வழிக்கு வருவார் என்றார். அவரையும் வெளியே அனுப்பினேன்.

மூன்றாவது யோசனை குமாஸ்தா சீனிவாசனுடையது. பேப்பர் கட்டை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அடுத்த வாய்தாவுக்கு நம்ம சைடுல யாரும் போவாம இருந்தா போதுங்க ஐயா. கூப்பிடுவாங்க, ஆள் இருக்காது, கேஸ் டிஸ்மிஸ் ஆயிரும். ஸ்டேவும் அதோட போயிரும். மறந்துட்டோம்னு சொல்லிக்கலாம்."

யாருக்கும் தெரியாது. நஞ்சப்பாவுக்கு விஷயம் எட்டுவதற்குள் ரோடு போட்டு முடித்துவிடலாம். சட்டப்படி பிழை இல்லை, வெறும் மறதி. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் அந்த யோசனையோடு குடித்தனம் நடத்தினேன். சீனிவாசனிடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

என்னைத் தடுத்தது பெரிய தர்ம நியாயம் எதுவும் இல்லை. ரத்னம்மா கோடு போட்ட அந்த வரிதான். போய்ப் பார்க்காமல் எழுதி ஒரு ஊரைக் கெடுத்தாயிற்று, இப்போது போய்ப் பார்க்காமலே இன்னொருவனையும் கெடுக்கப் போகிறோம் என்று உறைத்தது. முதலில் இடத்தைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

4. நாலு எல்லை

அரசாங்க ஆட்கள், கட்சிக்காரர்கள் யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை. தளி வரை பஸ், அங்கிருந்து ஒரு ஆட்டோ. நஞ்சப்பா வேலியோரம் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஜெயித்ததற்குப் பூ கொடுத்து வாழ்த்த ஓசூருக்கு வந்து, கூட்டத்தில் என்னைப் பார்க்க முடியாமல் திரும்பிப் போனதாகச் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியாது.

அண்ணா, மேற்கே போகிற வழியைக் காட்டுங்கள் என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மேற்கால ஏது சாமி வழி? பள்ளம்தான் இருக்குது. அதுக்கு அந்தாண்டை ஃபாரஸ்ட்."

நடந்து போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு கல்லும் முள்ளுமாக ஒரு ஓடைப் பள்ளம். மழை பெய்தால் தண்ணீர். அதன் இரண்டு கரையிலும் யானை லத்தி கிடந்தது, ஒரு இடத்தில் புதிதாகவே. சிக்கதொட்டி ஆட்கள் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். முன்பு நஞ்சப்பாவின் வரப்பில் நடந்தவர்கள்தான். வேலி போட்ட பிறகு இந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறார்கள்.

ஆறு வருடமாக நிற்கும் அந்த வேலியை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான சொன்னீங்க? ஆளு நடந்தா நாளைக்கு உரிமை கேப்பாங்க, மொதல்ல வேலி போடுங்கன்னு."

சொல்லியிருப்பேன். வழக்கோடு வரும் எல்லாக் கட்சிக்காரரிடமும் சொல்வதுதான்.

அப்புறம் அவர் கிணற்றைக் காட்டினார். பஞ்சாயத்து அளந்த ரோடு நேராகக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் நடுவே போகிறது. பைப் லைன் அறுந்துபோகும், தண்ணீர் ஒரு பக்கம், பயிர் ஒரு பக்கம். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பிறகு கிழக்கு வரப்பில் ஏறி நின்று சொன்னதுதான் என்னைக் கீழே தள்ளியது.

"இந்த ஓரமா போவட்டும்னு நான் அன்னிக்கே சொன்னேனுங்க சாமி. பத்தடி வேணும்னாலும் உடறேன்னு. அதைச் சொன்னா கேஸு நிக்காதுன்னு நீங்கதான் எழுத வேணாம்னுட்டீங்க. ஊர்க்காரங்களும் ஆறு வருசமா எங்கிட்ட பேசறதில்ல."

அவர் ரோடே வேண்டாம் என்று வந்தவர் இல்லை. கிணற்றைக் காப்பாற்றத்தான் வந்தார். நான் அதைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு ஊரையே அடைத்துவிட்டேன். ஆர்டர் கைக்கு வந்த அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். சீனிவாசன் சொன்ன யோசனையையும், இரண்டு நாள் நான் சும்மா இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்பிடி பண்ணியிருந்தா உங்க மூஞ்சிய நான் பாத்திருக்க மாட்டேன்" என்றார் நஞ்சப்பா. உள்ளே போய்ப் பசு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

5. ஒரு வளைவு

அன்றே ஒரு முடிவு செய்தேன். ரோடு போடும் எம்எல்ஏவாகவும் ரோட்டைத் தடுக்கும் வக்கீலாகவும் ஒரே ஆள் இருக்க முடியாது. வக்காலத்தை விட்டுக்கொடுத்து, கிருஷ்ணகிரியில் ஒரு சீனியரிடம் நஞ்சப்பாவை அனுப்பினேன். சமரசம் உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று அவரிடம் கேளுங்கள், என் பேச்சை மட்டும் நம்பாதீர்கள் என்றேன்.

அந்த சீனியர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கிணற்றைச் சுற்றி இருபதடிக்குள் எந்த வேலையும் கூடாது என்று எழுத்தில் வேண்டும். நியாயம்தான்.

ரோட்டைக் கிணற்றை விட்டுக் கிழக்கு வரப்போரம் திருப்ப ஒரு வளைவு வேண்டும். ஒன்றிய இன்ஜினியர் அதைப் போட மாட்டேன் என்று அடம் பிடித்தார். எஸ்டிமேட் திருத்த வேண்டும், வளைவில் பஸ் திரும்பாது என்றார். நான் சட்டசபையில் பேசியதையெல்லாம் கூட்டினாலும், அந்த ஒரு வளைவுக்காகப் பேசிய அளவு வராது. கடைசியில் அவரையே கிழக்கு வரப்பில் நிற்க வைத்து டேப் பிடிக்கச் சொன்னேன். பஸ் திரும்பும் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

சமரச மனுவில் மூன்றாம் பிரதிவாதியும் கையெழுத்துப் போட வேண்டும். முன்சீப் கோர்ட் வராண்டாவில் நஞ்சப்பாவும் ரத்னம்மாவும் ஒரே பெஞ்சில் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வக்கீல் கோட் இல்லாமல் பார்வையாளனாக எதிரே நின்றேன். கையெழுத்துப் போடும் முன் ரத்னம்மா கன்னடத்தில் நஞ்சப்பாவிடம் ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டினார். என்ன கேட்டீர்கள் என்று பிறகு விசாரித்தேன். ரோடு வரும்வரை வரப்பில் நடக்கலாமா என்று கேட்டாராம். வேலியை அன்று சாயங்காலமே பிரித்துவிட்டார் நஞ்சப்பா.

பத்தடி அகலத்துக்குத் தானப் பத்திரம் பதிவானது. மார்ச் மூன்றாம் வாரம் ஜல்லி இறங்கியது. மே மாதம் தார் போட்டார்கள். டவுன் பஸ்ஸுக்கு நான் எழுதிய கடிதங்களில் "ஆவன செய்யவும்" என்ற சொல் கிடையாது. டிப்போ மேனேஜரை நேரில் கூட்டிப்போய், வளைவில் காலி பஸ்ஸை ஒரு முறை திருப்பிக் காட்டச் சொன்னேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை முதல் டிரிப் ஓடியது. ரிப்பனை நான் வெட்டவில்லை, நஞ்சப்பா வெட்டினார். ரத்னம்மாவின் சின்னப் பெண் நீலப் பாவாடையும் வெள்ளை ரவிக்கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருடத்தில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான நாள் அமையவில்லை.

6. மறுபடி கோர்ட்

அடுத்த தேர்தலில் தோற்றுப்போனேன். சிக்கதொட்டியில் மட்டும் நல்ல ஓட்டு. ஒரு வாரம் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு, எட்டாவது நாள் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். சீனிவாசன் மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். இந்தக் கறுப்புக் கோட்டு எவ்வளவு சௌகரியமான உடுப்பு என்று அன்றுதான் தெரிந்தது. பதவி போனதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை.

அடுத்த மாதம் ரத்னம்மா வந்தார். ஊருக்குப் பக்கத்தில் கல் குவாரி ஒன்று வெடி வைக்கிறது, வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விடுகிறது, ஸ்டே வாங்க வேண்டும் என்றார். நான் பேப்பரை இழுத்து எல்லைகளைக் கேட்க ஆரம்பித்தேன். பழக்க தோஷம்.

"எழுதறது அப்பறம் இருக்கட்டும் சார். இப்பதான் பஸ்ஸு இருக்குதில்ல. வந்து பாத்துட்டு எழுதுங்க" என்றார்.

சீனிவாசன் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலைப் பஸ்ஸில் போனேன்.

இதைப் படிக்கும் ஜூனியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். செக்ஷனும் தீர்ப்பும் புத்தகத்தில் கிடைக்கும். நாலு எல்லை நிலத்தில்தான் கிடைக்கும். கட்சிக்காரர் சொல்வதில் எது கேஸுக்கு இடைஞ்சல் என்று தோன்றுகிறதோ, அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். என் ஆபீஸில் "மாற்று வழி உள்ளது" என்ற வரியை நடந்து பார்க்காமல் யாரும் டைப் அடிக்கக் கூடாது.

குவாரியைப் பார்த்துவிட்டு மதியப் பஸ்ஸில் திரும்பினேன். ரத்னம்மாவும் தளி வரை வந்தார். பூப் பேக்கிங் ஷெட்டில் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். உட்கார இடமில்லை. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து, உட்காருங்க சார் என்றாள்.

"இவதான் சார் பெரியவ" என்றார் ரத்னம்மா.

எட்டாவதோடு நின்றவள். சின்னவள் அப்போது கிருஷ்ணகிரியில் நர்சிங் சேர்ந்திருந்தாள். இவளுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. நீ உட்காரும்மா என்று மட்டும் சொன்னேன்.

"பரவால்லீங்க சார். எனக்கு அடுத்த ஸ்டாப்புதான்."

உட்கார்ந்தேன். நஞ்சப்பாவின் வரப்பில் பஸ் மெதுவாக வளைந்து திரும்பியது. அவர் கிணற்றடியில் நின்று கை காட்டினார். அடுத்த ஸ்டாப் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கம்பியைப் பிடித்தபடி அவள் தளி வரை நின்றுகொண்டே வந்தாள்.